உள் ரூமுக்குப் போன விசில்

24-9-2018, திங்கள்

கலைஞர் காலமாகிப் பதினைந்தாம் நாள், முக்கொம்பில் மதகு ஒன்பதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன அன்றைக்குப் பிறந்தவள் எங்கள் பாப்பா. காவிரியில் பல வருஷமாகக் காணாத வெள்ளம். திருச்சியே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றோம். கொடி கழுத்தைச் சுற்றி, மூச்சு அடைபட்டு, நீலமாய் வந்தாள். அழவில்லை. மூளைக்குப் போகிற காற்று குறைந்துவிட்டது என்றார்கள். மூளை மேலும் கெடாமல் இருக்க மூன்று நாள் குளிரில் வைத்தார்கள். குளிர் என்றால் ஐஸ் இல்லை, முப்பத்து மூன்றரை டிகிரி. பிள்ளை உடம்புக்கு அது குளிர்தான். முப்பத்தைந்து வருஷம் ஐஸ் கம்பெனியில் இருந்தவன் நான். குளிரைப் பற்றி அங்கே நாலு பேருக்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் சம்பந்தி அருணகிரி, என் மருமகள் சுகந்தியின் அப்பா, போனில் படித்துவிட்டு வராந்தா முழுக்கப் பாடம் நடத்திவிட்டார்.

இப்போது பாப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. வாரம் இரண்டு நாள் பயிற்சி மையம். அங்கே ரெஜினா டீச்சர் சொன்னது:

"அடிபட்ட இடம் அடிபட்டதுதான் தாத்தா. ஆனா பக்கத்துல இருக்கிற இடம் அந்த வேலையைக் கத்துக்கும், நாம வேலை குடுத்தா. பாக்க, கேக்க, தொட ஏதாவது இருந்துகிட்டே இருக்கணும். ஒண்ணுமே இல்லாமப் போட்டு வச்சா அதுவும் தூங்கிடும். இந்த முதல் வருஷத்தை விடக் கூடாது."

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி பெரிய டாக்டர் பார்ப்பார். அதற்குள் மூன்று காரியம். கண் பின்தொடர வேண்டும், சத்தத்துக்குத் திரும்ப வேண்டும், கழுத்து நிற்க வேண்டும். தினம் என்ன நடந்தது என்று நோட்டுப் போடச் சொன்னார்கள். சுகந்தி எழுதினால் ஆசையையும் சேர்த்து எழுதுகிறாள். என் மகன் சேகர் வெல்டிங் வேலை முடிந்து வந்தால் எதுவும் ஞாபகம் இல்லாதவன். "நீங்க சொல்லுங்க தாத்தா, உங்களுக்குத்தான் தேதி தவறாது. நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார் டீச்சர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் போனில் சொல்கிறேன். அவர் கேட்டு எழுதிக்கொள்கிறார்.

இன்று பாப்பா எதையும் பார்க்கவில்லை. கை இரண்டும் மூடியே இருக்கிறது.

உள் ரூமில் பெரியவனுக்குச் சோறு ஊட்ட வேண்டும். அவன் என் மூத்த மகன், நாற்பத்தொன்று ஆகப் போகிறது, படுக்கையில்தான். அது இந்த நோட்டுக்கு வேண்டாத கதை.

27-9-2018

கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அட்டை மூன்று தந்தார்கள். ஒரு ஜாண் தூரத்தில் காட்ட வேண்டும். காட்டினேன். கொட்டாவி விட்டாள். கொட்டாவி விட்டால் போதும் என்று அர்த்தமாம், நிறுத்திவிட வேண்டும்.

1-10-2018

முறைப்படி தாயும் பிள்ளையும் குளித்தலையில் சம்பந்தி வீட்டில் இருக்க வேண்டும். மையம் இங்கே என்பதால் உறையூரில் எங்களோடு இருக்கிறார்கள். அவருக்கு மனைவி இல்லை. எனக்கும் இல்லை. அதனால் அவர் தினம் அங்கிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறார். முப்பது வருஷம் கண்டக்டர். அவர் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

"என்ன சம்பந்தி, காலையிலேயே வந்தாச்சு?"

"முதல் வண்டி! டிரைவர் பக்கத்துல எனக்குன்னு ஒரு சீட்டு இன்னும் காலியாத்தான் வச்சிருக்கான். எங்க என் பாஸஞ்சர்?"

பாப்பாவை முழங்காலில் கிடத்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"பெட்டவாய்த்தலை எறங்கு! ஜீயபுரம் எறங்கு! கம்பரசம்பேட்டை யாரு? சத்திரம், சத்திரம்! படியில நிக்காதம்மா, உள்ள வா, உள்ள எடம் கெடக்கு!"

பாப்பாவின் கால் விரல் விரிந்தது. பார்த்தேன். நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

9-10-2018

சம்பந்தி குளிக்கப் போயிருந்தபோது நான் முயற்சி பண்ணினேன். "பாப்பா" என்று கூப்பிட்டேன். அசைவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சுகந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா, நீங்க கூப்பிடுறது பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலை" என்றாள்.

எனக்குக் குரல் எழும்பாது. இந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. சேகரே ஐந்து வயசு வரை கிசுகிசு என்றுதான் பேசுவான், பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவனுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று சொல்லி அனுப்பினார்.

15-10-2018

டம்ளரில் ஐஸ் துண்டு போட்டுக் குலுக்கினேன். ஈரத் துணியை உள்ளங்காலில் வைத்தேன். காலை இழுத்துக்கொண்டாள். டீச்சர் நல்லது என்றார். சம்பந்தி, "ஐஸ்காரர் ஐஸை விடமாட்டாரே!" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

29-10-2018, திங்கள்

சம்பந்தி இன்று தன் கண்டக்டர் விசிலைக் கொண்டுவந்தார். சிவப்புக் கயிறு கோத்தது. காதுக்குக் கிட்டே வேண்டாம், மெதுவாக என்று டீச்சர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ரூமின் அந்த ஓரத்தில் நின்று ஒரு ஊது, மெல்லிசாக.

பாப்பா திரும்பினாள். தலை முழுக்க. கண் அவரைத் தேடியது.

சுகந்தி கரண்டியோடு ஓடிவந்தாள். மறுபடி ஊதினார், மறுபடி திரும்பினாள். "ரைட்! போலாம் ரைட்!" என்று அவர் கத்த, எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க, சேகருக்குப் போன் போட்டு, அவன் வேலை நடுவில் அழுது, ஒரே அமர்க்களம்.

எனக்கும் சந்தோஷம்தான். பிறந்த நாளிலிருந்து அவள் வாயில் பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துப் பார்த்துத் துடைத்தவன் நான். அவர் காலையில் வந்து சாயங்காலம் போகிறவர். போகட்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு உள் ரூமில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

3-11-2018

விசிலைக் காணோம். தொட்டில், துணி மூட்டை, சம்பந்தியின் சட்டைப் பை எல்லாம் தேடியாயிற்று.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன்.

"எலிக்கு எதுக்கு சம்பந்தி விசில்? டபுள் விசில் குடுத்து வண்டி எடுக்கவா?"

கறுப்பு வெள்ளை அட்டையும் மூன்றில் ஒன்று இல்லை. எலிக்கு அட்டை பிடிக்கும்.

வேறு விசில் வாங்கி வந்தார், பிளாஸ்டிக். பாப்பா அதற்குத் திரும்பவில்லை.

6-11-2018, தீபாவளி

எப்போதும் போலப் பெரியவன் காதில் பஞ்சு வைத்து, ஜன்னலில் போர்வை கட்டினேன். நாற்பது தீபாவளியாகச் செய்கிறேன். இந்த வருஷம் பத்து நிமிஷம் கழித்து ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பயப்படவில்லை. வெடிச் சத்தம் வந்த பக்கம் கண்ணை உருட்டினான்.

பாப்பா மத்தாப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள். வலமிருந்து இடம் வரை பின்தொடர்ந்தாள். முதல் காரியம் ஆயிற்று.

9-11-2018

பாப்பாவுக்கு ஆட்டிக் காட்டுகிற சலங்கை வளையத்தையும் காணோமாம். உள் ரூமில் ஏதோ சத்தம் வருதே மாமா என்று சுகந்தி கேட்டாள். காற்று என்றேன்.

13-11-2018

பெரியவனுக்கு நாற்பத்தொன்று ஆனது. கேசரி கிண்டி ஊட்டினேன்.

16-11-2018, வெள்ளி

கஜா புயல். வழியெல்லாம் மரம் விழுந்து பஸ் இல்லை. சம்பந்தி வரவில்லை. கரண்டும் இல்லை. போனில் கூப்பிட்டு, "என் பாஸஞ்சர் என்ன பண்றா? சத்தத்துக்குத் திரும்புறாளா?" என்று கேட்டார்.

திரும்பவில்லை. பிளாஸ்டிக் விசிலுக்கு இல்லை, டம்ளருக்கு இல்லை, கைதட்டினால் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளாகவே இப்படித்தான். பாலுக்கு மட்டும் விழித்தாள். சுகந்தி குனிந்து குனிந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவோட அந்த விசில் இருந்திருந்தா திரும்பியிருப்பா மாமா. வந்ததும் போயிடுச்சே. போனது திரும்ப வருமா?"

விசில் என் வேட்டி மடிப்பில் இருந்தது.

டீச்சர், இதை மட்டும் நோட்டில் ஏற்ற வேண்டாம்.

17-11-2018

காலையில் எழுந்து பார்த்தால் விசில் தொட்டிலுக்கு அடியில் கிடந்தது. எலி கொண்டுவந்து போட்டிருக்கிறது என்றேன். சுகந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். விசிலை வெந்நீரில் கழுவினாள்.

ஊதினாள். பாப்பா திரும்பவில்லை. பால் குடித்து முடித்த பிறகு மறுபடி ஊதினாள். திரும்பினாள்.

20-11-2018, செவ்வாய்

சம்பந்தி இன்று வந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். சுகந்தி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். விசில் ஜன்னல் திட்டில் இருந்தது. ஐந்து நிமிஷம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

ஊதுகிறேன், பின்னால் வெளிச்சம் விழுகிறது. சம்பந்தி கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். ஆறு வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறவர், அந்த ரூமுக்குள் வந்ததில்லை.

சுவரில் கறுப்பு வெள்ளை அட்டை. கட்டில் கம்பியில் சலங்கை வளையம். என் வாயில் விசில்.

நான் எழுந்தேன். என்னென்னவோ வார்த்தை தயாராக இருந்தது. உங்கள் பேத்திக்கு எல்லாம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, டீச்சர் இருக்கிறார், குளிர் மெஷின் இருந்தது, நீங்கள் இருக்கிறீர்கள், இவனுக்கு என்ன இருந்தது என்று கேட்கவிருந்தேன். விசிலை வாயிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இவர்தான் எலியா?" என்றார்.

பிறகு பெரியவன் பக்கம் குனிந்து, "எங்கே தம்பி போகணும்? சத்திரமா, ஜங்ஷனா? சில்லறையா குடுங்க, நூறு ரூபா நோட்டை நீட்டாதீங்க, காலங்காத்தால நான் எங்கே போவேன்?" என்று முழுக் குரலில் ஆரம்பித்தார். கம்பரசம்பேட்டை வருவதற்குள் பெரியவனின் வாய் ஒரு பக்கம் இழுத்தது. பிறகு சத்தம் வந்தது. அது வலி சத்தம் இல்லை. நாற்பத்தொரு வருஷத்தில் அவன் வலி சத்தம் எனக்குத் தெரியும், பசி சத்தம் தெரியும், ஈரச் சத்தம் தெரியும். இது சிரிப்பு.

பதினைந்து நாள் நான், ஆள் இல்லாத நேரம் பார்த்து, மெல்ல விசில் ஊதியிருக்கிறேன். எனக்கு ஒருநாள்கூடச் சிரிக்கவில்லை.

வெளியே வந்து குழாயடியில் நின்றேன். பேத்தியும் அவருக்குத்தான், மகனும் அவருக்குத்தானா?

21-11-2018

சுகந்தி மோரில் உப்புப் போட மறந்துவிட்டாள். நேற்றுப் பேசாமல் விட்டதை இன்று பேசினாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மாமா. ஏன் எலின்னு சொன்னீங்க?"

கேட்டால் ஏன் என்று கேட்பார்களே. அதற்குத்தான்.

டீச்சர், நீங்களும் போனில் கேட்டீர்கள். சொல்கிறேன். பாப்பா காரியம் இதில் ஒன்றும் இல்லை.

எழுபத்தேழாம் வருஷம் நவம்பர், புயலடித்து, கோரையாறு உடைத்து, உறையூரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. விடிகிற நேரத்தில் பக்கத்து மாடியில் வைத்துப் பிரசவம். இவனும் நீலமாகத்தான் வந்தான். மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தாள். அழ ரொம்ப நேரம் ஆயிற்று. தண்ணீர் வடிந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஐந்து நாள். அதற்குள் இரண்டு தரம் வலிப்பு. ஒரு டாக்டர், "அதிர்ச்சி ஆகாமப் பாத்துக்கங்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் செய்தது.

ஜன்னலுக்குச் சாக்கு அடித்தேன். கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றினேன். என் மனைவி செல்லாயியின் கொலுசைக் கழற்றச் சொன்னேன், கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னேன். அவள் தாலாட்டுப் பாட வாயெடுத்தால் வாயைப் பொத்துவேன். பக்கத்து வீட்டு ரேடியோவுக்குச் சண்டைக்குப் போனேன். தொட்டிலை ஆட்டவும் விடமாட்டேன். வருகிறவர்களிடம், "எம்புள்ளை ரூமுல ஊசி விழுந்தாக் கேக்கும்" என்று பெருமையாகச் சொல்வேன். வலிப்பு நின்றது. நான்தான் நிறுத்தினேன் என்று நினைத்தேன். சேகர் பிறக்கிற வரைக்கும், ஏழு வருஷம், அந்தச் சாக்கை எடுக்கவில்லை. செல்லாயி ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, இவன் எதைப் பாத்துங்க கத்துக்குவான்?" அதிகம் பேசாதே என்றேன்.

ஐஸ் கம்பெனியில் என் வேலை காற்றுக் குழாய். தண்ணீர் ஊற்றின டப்பாவை உப்புத் தொட்டியில் இறக்கி, நடுவில் குழாயை விட்டு, உறைகிற வரைக்கும் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் அசைந்துகொண்டே உறைந்தால் ஐஸ் பார் கண்ணாடி மாதிரி இருக்கும், அந்தப் பக்கம் நிற்கிறவன் முகம் தெரியும். குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் சும்மா நின்றால் நடுவில் பால் மாதிரி வெள்ளை விழுந்துவிடும். கம்பெனியிலேயே என் பார்தான் தெளிவு. முதலாளி வெளியூர்க்காரர்களுக்கு என் பாரைக் காட்டித்தான் ஆர்டர் பிடிப்பார்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நுனிக்காலில் நடப்பேன்.

24-11-2018

டீச்சர் நேரில் வந்தார். பெரியவனை அரை மணி நேரம் பார்த்தார். "அப்ப செஞ்சிருந்தா நடந்திருப்பானா?" என்று கேட்டேன்.

"தெரியாது தாத்தா. அடி எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. செஞ்சும் வராத பிள்ளைங்க இருக்காங்க. பாப்பாவுக்கு வர்ற மாதிரி இவருக்கு இனிமே வராது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா சிரிச்சார் இல்ல?"

"எனக்குச் சிரிக்கலையே."

"நீங்க சத்தம் போட்டுப் பாத்தீங்களா?"

3-12-2018

பெரியவன் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. சேகரும் சம்பந்தியும் தூக்கினார்கள். "படியில நிக்காதீங்க, வழி விடுங்க!" என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டும் அவர் வாய் ஓயவில்லை. கூடத்தில் இப்போது பாப்பா பாய் ஒரு பக்கம், இவன் கட்டில் ஒரு பக்கம். உள் ரூமில் வெங்காயக் கூடை வைத்திருக்கிறோம்.

11-12-2018

பாப்பா குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கினாள். எண்ணினேன், ஏழு வரை. இடது கை இன்னும் முழுசாக விரியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் தலை நின்றபோது எல்லாரும் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை. மூன்றரை மாசப் பிள்ளை. அதன்மேல் எனக்குப் பொறாமை. அந்தக் கழுத்து நாற்பத்தொரு வருஷமாக நான் கையில் தாங்குகிற கழுத்து இல்லையே என்று. அவளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டபோது என் மூக்கைப் பிடித்தாள். பொறாமை போகவில்லை. அவளும் மூக்கை விடவில்லை.

19-12-2018

மாடியில் யாரும் இல்லாதபோது கத்திப் பழகினேன். முதலில் இருமல்தான் வந்தது. பக்கத்து மாடிக்காரப் பெண், "என்ன தாத்தா, காக்கா விரட்டுறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

28-12-2018, வெள்ளி

பெரிய டாக்டர் பார்த்தார். கண், சத்தம் இரண்டும் சரி. கழுத்து முக்கால் பங்கு. இடது கையில் இறுக்கம் இருக்கிறது, அதற்குத் தனிப் பயிற்சி. "நல்லாப் போகுது. இது முடிவு இல்லை, ஒரு வயசு, ரெண்டு வயசு வரைக்கும் பாக்கணும், விட்டுடாதீங்க. வீட்டுல யாரு இவ்வளவு பேசுறது?" என்று கேட்டார்.

சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "நோட்டு சொல்றது எங்க சம்பந்திதாங்க. ஒருநாள் விடலை" என்றார். அவர் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்ய.

30-12-2018, ஞாயிறு

மதியம் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். பாப்பா பாயில் கால் உதைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலுக்கு நேர் எதிரே, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, பெரியவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முழுக் குரலில். சேகர் திடுக்கிட்டான், அப்பாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்குத் தெரியாது. பாப்பா திரும்பினாள். டீச்சர், நடந்ததை மட்டும் சொல்கிறேன். பெரியவன் தலை திரும்பவில்லை. கண் திரும்பியது. நிலைவரைக்கும் வந்து, என் மேல் நின்றது. சிரிக்கவில்லை. நின்றது.

அவனுக்கும் தனியாக நோட்டுப் போடலாம், மேலே எழுதப் பேர் வேண்டும் என்று கேட்டீர்கள். நான் இத்தனை நாள் சொல்லவில்லை. அந்தப் பேரை வைத்தது செல்லாயி. கூப்பிட்டதும் அவள் மட்டும்தான், காதோடு, எனக்குத் தெரியாமல். அவள் போய் நாலு வருஷமாக, இன்று நான் கூப்பிடுகிற வரைக்கும், யாரும் கூப்பிடவில்லை.

அவன் பிறந்த மாடியில் அன்றைக்கு விடிகாலையில் இருந்தவர்களை எனக்கு வரிசையாகத் தெரியும். விளக்குப் பிடித்தது என் ஆத்தா, அவள் போனது எண்பத்து மூன்றில். மருத்துவச்சி மாரிக்கண்ணு, அதற்கு அடுத்த வருஷம். வெந்நீர் கொண்டுவந்த மாமியார், சேகர் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். ஓடு பிரித்துப் படகைக் கூப்பிட்ட என் தம்பி சின்னண்ணன், காவிரி வறண்டு மணலில் கிரிக்கெட் ஆடின கோடையில். செல்லாயி, நாலு வருஷம் முன்னால், மாசி மாசம். பிறகு அவள் வாயைப் பொத்தின நான், பெரியண்ணன், ஒருத்தன். நான் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

என்னைத் தள்ளினால் மிச்சம் இருப்பது ஒரே ஆள். எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர், பெரிசாக எழுதுங்கள்.

துரைக்கண்ணு.